கரப்பானுக்குள் மறைந்திருந்த சொறிசிரங்கு: 11 மாதக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெற்றோரின் ஒப்புதலோடு இந்த நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. குறிப்பிடப்படும் மருந்துகள் இந்தக் குழந்தைக்கும் இந்த வீட்டாருக்கும் பரிசோதனைக்குப் பின் முடிவு செய்யப்பட்டவை. வேறொரு குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது.

## பின்னணி

தோல் மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டபோது அந்த ஆண் குழந்தைக்கு வயது 11 மாதம். நிறைமாதத்தில் பிறந்தவன், பிறப்பு எடை இயல்பாக இருந்தது, தடுப்பூசிகள் அனைத்தும் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன, தாய்ப்பாலும் இணை உணவும் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் தாய், தந்தை, ஆறு வயது அக்கா, பாட்டி ஆகியோர் இருந்தனர். தந்தைக்குச் சிறு வயதில் ஆஸ்துமா இருந்திருக்கிறது.

மூன்றாம் மாதத்தில் குழந்தையின் இரு கன்னங்களிலும் சிவப்பும் வறட்சியும் தோன்றின. பிறகு கைகால்களின் வெளிப்புறத்திலும் சொரசொரப்பான தடிப்புகள் வந்தன. அடோபிக் எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்லும் கரப்பான் இது என அப்போது முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவை நாங்களும் முழுமையாக ஏற்கிறோம். தொடங்கிய வயது, கன்னங்களில் ஆரம்பித்த விதம், வறண்ட தோல், தந்தையின் ஆஸ்துமா ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டின. நாள்தோறும் மாய்ஸ்சரைசர் பூசுவதும், சிவப்பு மிகும்போது மட்டும் சில நாள்களுக்கு மென்மையான ஸ்டீராய்டான 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைத் தடவுவதுமாக எட்டாம் மாதம் வரை நோய் கட்டுக்குள் இருந்தது.

பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி முக்கியமானது. இந்தக் குழந்தைக்குக் கரப்பான் உண்மையிலேயே இருந்தது. ஏற்கெனவே ஒரு நோயின் பெயர் எழுதப்பட்டுவிட்ட மருத்துவக் குறிப்பேட்டில், அதே தோலில் வரும் இரண்டாவது நோய் எளிதில் முதல் நோயின் பெயரையே பெற்றுவிடுகிறது.

## எங்களிடம் வரும் முன்

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் அரிப்பு திடீரெனக் கூடியது. குழந்தை இரவில் பலமுறை விழித்து அழுதான். ஒரு பாதத்தை மற்றொரு பாதத்தின் மீது ஓயாமல் தேய்த்தான். தூக்கி வைத்திருப்பவரின் தோளில் முகத்தை உரசினான். வயிற்றிலும் பாதங்களிலும் புதிய பருக்கள் தென்பட்டன. வேறொரு இடத்தில் காட்டியபோது கரப்பான் தீவிரமடைந்திருப்பதாகக் கருதி, ஹைட்ரோகார்ட்டிசோனைவிட வீரியமுள்ள ஸ்டீராய்டான மொமெட்டாசோன் களிம்பு தரப்பட்டது. ஒரு வாரத்தில் சிவப்பு நன்றாகக் குறைந்தது. அரிப்பும் ஓரளவு தணிந்தது. களிம்பை நிறுத்தியதும் இரண்டும் முன்பைவிட அதிகமாகத் திரும்பின. மறுபடியும் தடவினார்கள், மறுபடியும் தணிந்து, மறுபடியும் திரும்பியது.

அடுத்து உணவு ஒவ்வாமை என்ற ஐயம் எழுந்தது. குழந்தைக்குக் கொடுத்துவந்த இணை உணவுகளில் சில ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. பாலூட்டும் தாயும் தன் உணவில் பலவற்றை விட்டார். எந்த உணவையும் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் தடிப்போ வாந்தியோ வந்ததாக வரலாறு இல்லை. இருந்தும் கட்டுப்பாடு ஐந்து வாரங்கள் நீடித்தது. அந்த இடைவெளியில் குழந்தையின் எடை ஏறுவது மந்தமானதை வளர்ச்சி அட்டையிலிருந்து பின்னர் அறிந்தோம்.

பத்தாம் மாத இறுதியில் பாதங்களிலும் மணிக்கட்டிலும் நீர் கசிந்து, தேன் நிறப் பொருக்குகள் படிந்தன. அதற்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு மட்டும் தரப்பட்டது. பழைய பொருக்குகள் உதிர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதியவை வந்தன.

இந்த வரிசையை இவ்வளவு தெளிவாக எழுத முடிவதற்குத் தாயின் கைபேசியில் இருந்த படங்களே காரணம். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் படம் எடுத்து வைத்திருந்தார். தோல் நோய் உள்ள குழந்தையின் பெற்றோரிடம், வெளிச்சம் நன்றாக விழும்படி தேதியோடு படம் எடுத்து வரச் சொல்வது செலவில்லாத ஓர் உதவி. மருந்து தடவிய தோலை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு, மருந்துக்கு முந்தைய தோல் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேறு சாட்சி கிடையாது.

## பரிசோதனையில் கண்டவை

குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, சோர்ந்திருக்கவில்லை, ஆனால் பரிசோதனை மேசையில் கிடத்தியதும் இரு பாதங்களையும் உரசத் தொடங்கினான். காலுறை, டயப்பர் உட்பட எல்லா உடைகளையும் கழற்றிய பிறகே தோலைப் பார்த்தோம்.

முழங்கை மடிப்புகளிலும் கன்னங்களிலும் வறண்ட, எல்லை தெளிவற்ற சிவந்த தடிப்புகள் இருந்தன. அவை கரப்பானின் தோற்றமே. மற்ற இடங்களில் கண்டது வேறு வகை. உள்ளங்கால்களிலும் பாதங்களின் பக்கவாட்டிலும் சிறு நீர்க்கொப்புளங்களும் சீழ்க்கொப்புளங்களும் இருந்தன. உள்ளங்கைகளில் அதே போன்றவை குறைவான எண்ணிக்கையில் இருந்தன. அக்குள் மடிப்பின் முன்விளிம்பில் செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான முடிச்சுகள் நான்கைந்து தெரிந்தன. தொப்புளைச் சுற்றிச் சிறு பருக்கள் கூட்டமாக இருந்தன. டயப்பர் மூடும் பகுதியில், குறிப்பாக விரைப்பையிலும் ஆண்குறியிலும், தனித்தனிப் பருக்கள் இருந்தன. வலது மணிக்கட்டிலும் இடது கணுக்காலிலும் தேன் நிறப் பொருக்குகள் படிந்திருந்தன. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

இந்தப் பரவல்தான் முதல் துப்பு. கைக்குழந்தையின் கரப்பான் பொதுவாக டயப்பர் பகுதியை விட்டுவைக்கும். அங்கே ஈரம் காக்கப்படுகிறது, குழந்தையின் நகமும் எட்டுவதில்லை. உள்ளங்கால் கொப்புளங்களும் கரப்பானுக்குப் பழக்கமானவை அல்ல. சொறிசிரங்கு, ஒரு சிற்றுண்ணி தோலைக் குடைவதால் வரும் தொற்றுநோய். பெரியவர்களின் சொறிசிரங்கு கழுத்துக்குக் கீழே நின்றுவிடுவதும், உள்ளங்கை உள்ளங்கால்களில் அதிகம் தெரியாததும் வழக்கம். கைக்குழந்தையில் அந்த எல்லைகள் பொருந்தா. தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால் எங்கும் வரலாம்.

அடுத்து வீட்டாரைப் பற்றிக் கேட்டோம். "வீட்டில் வேறு யாருக்காவது தோல் நோய் இருக்கிறதா?" என்ற கேள்விக்குத் தாய், தந்தை இருவருமே இல்லை என்றனர். அதையே மாற்றி, "இரவில் படுத்த பிறகு யாரெல்லாம் சொறிகிறீர்கள்?" என்று கேட்டபோது பதில் வேறாக வந்தது. அக்கா தூக்கத்தில் சொறிகிறாள், அது வேர்க்குரு என்று எண்ணியிருந்தார்கள். பாட்டிக்கு விரலிடுக்குகளில் அரிப்பு, அதை வயதாவதால் வரும் வறட்சி என்று விட்டுவிட்டார். தாய்க்கு மணிக்கட்டிலும் மார்பிலும் பருக்கள் இருந்தன, அவர் அதைச் சொல்லத் தயங்கியிருந்தார். தந்தைக்கு மட்டும் எதுவும் இல்லை. முதல் கேள்விக்குப் பொய் சொன்னார்கள் என்று கருத இடமில்லை. நோய் என்று தாங்கள் எண்ணாத ஒன்றை யாரும் நோய்ப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

தாயின் மணிக்கட்டின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில், நூலிழை போன்ற வளைந்த கோடு ஒன்று தெரிந்தது. நீளம் சில மில்லிமீட்டர். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வழியே பார்த்தபோது அதன் ஒரு முனையில் கருமையான சிறு முக்கோணம் இருந்தது. கோடு, சிற்றுண்ணி தோலைக் குடைந்து சென்ற தடம்; அதன் தலையும் முன்கால்களும் முனையில் இப்படித் தெரியும். குழந்தையின் உள்ளங்காலில் கொப்புளம் ஒன்றின் ஓரத்திலும் அதே தோற்றம் கிடைத்தது. அங்கிருந்து மினரல் ஆயிலில் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் ஓர் உண்ணியும் இரண்டு முட்டைகளும் தென்பட்டன.

## வேறு எவையாக இருந்திருக்கலாம்

சுரண்டலின் முடிவு வரும் முன் எங்கள் பட்டியலில் இருந்தவற்றையும் பதிவு செய்வது பயன் தரும். கை, கால், வாய் நோயில் உள்ளங்கால் கொப்புளங்கள் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்களில் அடங்கிவிடும். வாயில் புண்ணும் தொடக்கத்தில் காய்ச்சலும் இருக்கும். வேர்க்குருவில் அரிப்பு உண்டு, உள்ளங்காலில் அது வருவதில்லை. உடலைக் குளிர்ச்சியாக வைத்தால் சில நாள்களில் மறையும். பூச்சிக் கடியால் வரும் தடிப்புகள் உடைக்கு வெளியே தெரியும் கைகால்களில்தான் மிகுதி. டயப்பருக்குள் இப்படிக் கூட்டமாக வருவது அரிது. படர்தாமரையில் வட்டமாக விளிம்பு உயர்ந்து நடுப்பகுதி தெளிந்திருக்கும், ஆனால் ஸ்டீராய்டு தடவிய தோலில் அந்த உருவம் கலைந்துவிடும் என்பதால் கணுக்காலிலிருந்து செதில் எடுத்துப் பார்த்தோம், பூஞ்சை இல்லை. கைக்குழந்தைகளின் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் அலையலையாக வரும் அக்ரோபஸ்டுலோசிஸ் என்ற சீழ்க்கொப்புள நோயும் பட்டியலில் இருந்தது. அது பின்னர் வேறொரு வடிவில் திரும்ப வந்தது.

## ஏன் இவ்வளவு காலம் மறைந்திருந்தது

சொறிசிரங்கின் அரிப்புக்கு உண்ணி தோலைக் குடைவது மட்டும் காரணமன்று. உண்ணி, அதன் முட்டைகள், கழிவு ஆகியவற்றுக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பின் பெரும்பகுதி. ஸ்டீராய்டு அந்த ஒவ்வாமையை அடக்குகிறது. ஆகவே தோல் சில நாள்கள் அமைதியாகத் தெரிகிறது. உண்ணியோ எந்தத் தடையும் இன்றிப் பெருகுகிறது. பெண் உண்ணி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். அவை மூன்று நான்கு நாள்களில் பொரியும். முட்டை வளர்ந்த உண்ணியாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். வழக்கமான சொறிசிரங்கில் ஒருவர் உடலில் இருக்கும் உண்ணிகள் 10 முதல் 15 வரைதான். ஸ்டீராய்டு தொடர்ந்து தடவிய தோலில் இந்த எண்ணிக்கை கூடும். பருக்களின் வழக்கமான உருவமும் மாறிவிடும். களிம்பு தடவினால் குறைகிறது என்பதை வைத்துக் கரப்பான் என்ற முடிவை உறுதிப்படுத்திக்கொண்ட இடம் இதுவே. தோலில் அழற்சி எதுவாக இருந்தாலும் வீரியமான ஸ்டீராய்டுக்குச் சில நாள்கள் அடங்கும். அந்த அடக்கத்தைக் கொண்டு நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

தந்தைக்கு அறிகுறி இல்லாததும் குழப்பத்தைக் கூட்டியது. ஒரே வீட்டில் ஒருவருக்கு எதுவுமில்லை என்றால் தொற்றாக இருக்காது என்று தோன்றுவது இயல்பு. முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரையில் அவர் பிறருக்குப் பரப்பவும் கூடும். முன்பே ஒருமுறை வந்தவருக்கு ஒன்று முதல் நான்கு நாள்களில் அரிப்பு தொடங்கிவிடும். பணி நிமித்தமாக அடிக்கடி வெளியூர் சென்று வரும் தந்தை குழந்தையோடு படுத்துறங்கிய இரவுகள் குறைவு என்பதும் இங்கே பொருந்துகிறது. நீண்ட நேரம் தோலும் தோலும் ஒட்டியிருப்பதன் வழியே பரவும் நோய் இது. கைகுலுக்கிச் செல்லும் அளவுத் தொடுகையில் பெரும்பாலும் பரவாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பொருக்குக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் அன்றே தொடங்குவது. இம்பெடிகோ எனப்படும் இந்தச் சீழ்த்தொற்றை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் ஆகிய பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. ஓரிரு பொருக்குகள் மட்டும் இருந்தால் களிம்பு போதும். இங்கே பல இடங்களில் இருந்தன, நெறியும் கட்டியிருந்தது. ஆகவே எடைக்கேற்ற அளவில் செஃபலெக்சின் ஏழு நாள்களுக்குத் தரப்பட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோலைத் தாக்கிய சில வாரங்களுக்குப் பின் சிறுநீரக அழற்சி வரக்கூடும் என்பதால், முகவீக்கம், சிறுநீர் குறைதல், சிறுநீர் பழுப்பு நிறமாதல் ஆகிய மூன்றையும் கவனிக்கும்படி பெற்றோரிடம் சொல்லி, நான்காம் வாரத்தில் குழந்தைக்கும் அக்காவுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவும் குறித்தோம்.

இரண்டாவது முடிவு, உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீமை அன்றிரவே தொடங்காமல் இரண்டு நாள்கள் தள்ளிவைப்பது. இதைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. உடனே தொடங்கலாம் என்பதற்கும் நியாயம் உண்டு. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது பாதுகாப்பான மருந்து. ஆனால் அன்றிரவு தந்தை வீட்டில் இருக்க மாட்டார், பாட்டிக்கு இன்னும் மருந்துச்சீட்டு இல்லை, குழந்தையின் தோல் பல இடங்களில் கசிந்துகொண்டிருந்தது. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூசுவது இரண்டு நாள் தாமதத்தைவிட முக்கியம் என்று முடிவு செய்தோம். இந்த நோயின் சிகிச்சை தோற்பதற்கு மருந்தின் குறையைவிட, ஆளுக்கொரு நாளாகப் பூசுவதே அடிக்கடி காரணமாகிறது.

பூசும் முறையைத் தாளில் எழுதியதோடு தாயின் கையில் செய்தும் காட்டினோம். குளித்து, உடல் ஆறி, நன்றாக உலர்ந்த தோலில் பூச வேண்டும். குழந்தைக்கு உச்சந்தலை, காதின் பின்புறம், கண்ணையும் வாயையும் சுற்றிய பகுதி நீங்கலாக முகம், தொப்புள், விரலிடுக்கு, நகத்தின் அடிப்புறம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் எதையும் விடக் கூடாது. பெரியவர்களுக்கு அரிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் தடவும் பழக்கம் உண்டு. அது போதாது, கழுத்திலிருந்து கால்விரல் வரை முழுமையாகப் பூச வேண்டும். இரவு பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். குழந்தை வாயில் விரல் வைக்காதபடி பருத்தி உறை மாட்ட வேண்டும். தாய் பாலூட்டும் முன் மார்பைத் துடைத்து, ஊட்டிய பின் மீண்டும் பூச வேண்டும். மருந்து முட்டைகள் அனைத்தையும் உறுதியாக அழித்துவிடும் என்று கொள்ள முடியாது என்பதால் ஒரு வாரம் கழித்து இதே முறையில் இரண்டாவது தடவை பூச வேண்டும்.

துணிகள் பற்றி அளவோடுதான் சொன்னோம். மனித உடலை விட்டு நீங்கிய உண்ணி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் உயிரோடிருப்பதில்லை. ஆகவே கடைசி மூன்று நாள்களில் பயன்படுத்திய உடை, விரிப்பு, துண்டு ஆகியவற்றை 50 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்தால் போதும். துவைக்க முடியாதவற்றை மூன்று நாள்கள் பையில் கட்டி வைத்தால் போதும். வீடு முழுவதும் பூச்சிமருந்து தெளிப்பது தேவையில்லை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது தீங்கும் கூட.

மூன்றாவது முடிவு, நிறுத்திய உணவுகளை உடனே திரும்பத் தொடங்குவது. நான்காவது, மொமெட்டாசோனை நிறுத்தி, முழங்கை மடிப்பின் கரப்பானுக்கு முதல் பூச்சு முடிந்த மறுநாளிலிருந்து ஹைட்ரோகார்ட்டிசோனும் மாய்ஸ்சரைசரும் மட்டும் தருவது. உண்ணி ஒழிக்கப்பட்ட பிறகு மென்மையான ஸ்டீராய்டுக்குத் தடையில்லை.

பாட்டி கேட்ட முதல் கேள்வி, "நாங்கள் இவ்வளவு சுத்தமாக இருந்தும் எப்படி வந்தது?" என்பதாக இருந்தது. குளிப்பதும் சோப்பு போடுவதும் தோலுக்குள் குடைந்திருக்கும் உண்ணியை அகற்றுவதில்லை. அழுக்குக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. எந்த நேரத்தில் எடுத்துக்கொண்டாலும் உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017-இல் இது சேர்க்கப்பட்டது. இதையெல்லாம் சொன்னோம். சொன்னது பாட்டியின் சங்கடத்தை முழுதாக நீக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

## தொடர்ந்தவை

ஆன்டிபயாட்டிக் தொடங்கிய மூன்றாம் நாளில் கசிவு நின்றது. முதல் பூச்சுக்குப் பின் இரண்டு நாள்கள் குழந்தையின் அரிப்பு கூடியது போலிருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிய குடும்பத்தினர் அதை நாள்தோறும் பூச நினைத்துத் தொலைபேசியில் கேட்டனர். வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தது நல்லதாயிற்று. இறந்த உண்ணியும் அதன் கழிவும் தோலிலிருந்து உதிரும் வரை ஒவ்வாமை நீடிக்கும். வெற்றிகரமான சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு இருக்கலாம். அந்தக் காலத்தில் மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் எரிச்சலடைந்து, அந்த எரிச்சலே நோய் தொடர்வதாகத் தோன்றும்.

மூன்றாம் வாரத்தில் குழந்தை இரவில் தூங்கத் தொடங்கினான். புதிய பருக்கள் இல்லை. நான்காம் வாரச் சிறுநீர்ப் பரிசோதனை இருவருக்கும் இயல்பாக இருந்தது. ஐந்தாம் வாரத்தில் நிலைமை மாறியது. குழந்தையின் உள்ளங்காலில் புதிய கொப்புளங்கள் வந்தன. அக்காவின் மணிக்கட்டில் புதிய கோடு ஒன்று தெரிந்தது. அதைச் சுரண்டிப் பார்த்ததில் உயிருள்ள உண்ணி இருந்தது. பெர்மெத்ரினுக்கு உண்ணி எதிர்ப்புப் பெற்றுவிட்டதா, சரியாகப் பூசவில்லையா, வெளியிலிருந்து மறுபடி தொற்றியதா என்ற மூன்று வாய்ப்புகள் இருந்தன. பூசிய முறையைத் தாய் விவரித்தபோது குறை தெரியவில்லை. இடையில் புதிய பருக்கள் இன்றித் தெளிந்திருந்தது, மருந்து வேலை செய்திருக்கிறது என்பதையே காட்டியது. ஆகவே மூன்றாவது வாய்ப்பைப் பின்தொடர்ந்தோம்.

ஒரு நாளின் 24 மணி நேரத்தில் குழந்தையை யார் யார் தூக்குகிறார்கள் என்று மணிவாரியாகக் கேட்டபோது, அதுவரை எங்கள் குறிப்பேட்டில் இல்லாத ஒருவர் வந்தார். தாய் வேலைக்குத் திரும்பியதிலிருந்து, அதாவது குழந்தையின் ஏழரை மாத வயதிலிருந்து, பகலில் ஒரு பெண்மணி வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறார். மதியத் தூக்கம் பெரும்பாலும் அவர் மடியில்தான். அவரிடம் நோயைப் பற்றிச் சொன்னால் தங்கள் வீட்டைத் தாழ்வாக நினைப்பார் என்று பாட்டியும், சொன்னால் தன்மேல் பழி போடுவதாக அவர் வருந்துவார் என்று தாயும் தயங்கியதில் எவருமே சொல்லவில்லை. அவருக்கும் அவருடைய இரு பிள்ளைகளுக்கும் சில மாதங்களாக அரிப்பு இருந்தது. தொற்று எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குச் சென்றது என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. சிகிச்சைக்கு அது தேவையும் இல்லை. அவரிடம் பேசும்போது அந்தக் கேள்வியை எழுப்பாமல், இரு வீடுகளும் ஒரே இரவில் மருந்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னோம். அவர் சற்றும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது சுற்றில் மருந்தையும் சற்று மாற்றினோம். எத்தனை பேர் எத்தனை கவனமாகப் பூசுவார்கள் என்பதைச் சார்ந்திருக்க விரும்பாததால், தந்தை, பாட்டி, அக்கா, பராமரிப்பாளர், அவருடைய பிள்ளைகள் ஆகியோருக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் வீதம் ஐவர்மெக்டின் மாத்திரை, பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாகத் தரப்பட்டது. பிள்ளைகள் எல்லோரும் 15 கிலோவுக்கு மேல் இருந்தனர்; அதற்குக் குறைந்த எடையில் இந்த மாத்திரையைப் பொதுவாகத் தருவதில்லை. அதனால் குழந்தைக்கு மீண்டும் பெர்மெத்ரினே. பாலூட்டும் தாய்க்கும் அதையே தொடர்ந்தோம்.

## முடிவு

இரண்டாவது சுற்றுக்குப் பின் ஆறாம் வாரத்தில் இரு வீட்டாரிடமும் புதிய பருக்களோ கோடுகளோ இல்லை. குழந்தையின் எடை மீண்டும் பழைய வளர்ச்சிக் கோட்டை எட்டியது. அக்குளில் இருந்த முடிச்சுகள் மட்டும் நிறம் மங்கி நீடித்தன. உண்ணி ஒழிந்த பின்னும் இவை மாதக்கணக்கில் இருக்கக்கூடும்; உயிருள்ள உண்ணி இல்லையெனில் மறு சிகிச்சை வேண்டாம்.

மூன்றாம் மாதத்தில் உள்ளங்கால்களில் மறுபடியும் சீழ்க்கொப்புளங்கள் வந்து குடும்பத்தை அச்சுறுத்தின. இம்முறை வீட்டில் வேறு எவருக்கும் அரிப்பு இல்லை. டெர்மோஸ்கோப்பில் கோடு இல்லை. இரண்டு இடங்களில் சுரண்டியும் உண்ணி இல்லை. சொறிசிரங்குக்குப் பின் கைக்குழந்தைகளுக்கு வரும் அக்ரோபஸ்டுலோசிஸ் என்று இதைக் கொண்டோம். இங்கே குறைந்த காலத்துக்கு ஸ்டீராய்டு களிம்பே தகுந்த மருந்து. முதலில் தீங்கு செய்த அதே வகை மருந்தைக் கையில் கொடுக்கும்போது தாய் தயங்கியதில் வியப்பில்லை. சுரண்டிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் அவருக்கே காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டார். பிறகு வந்த அலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக இருந்தன. கரப்பான் தொடர்கிறது; மாய்ஸ்சரைசரில் கட்டுக்குள் உள்ளது.

## நடைமுறையில் மாறுபவை

கரப்பான் என்று ஏற்கெனவே குறிக்கப்பட்ட குழந்தை, முறையாக ஸ்டீராய்டு தடவியும் இரண்டாவது முறை மோசமாகித் திரும்பி வந்தால், களிம்பின் வீரியத்தைக் கூட்டும் முன் டயப்பரையும் காலுறையையும் கழற்றிப் பார்ப்பதும், உடன் வந்த பெரியவரின் விரலிடுக்கையும் மணிக்கட்டையும் பார்ப்பதும் எங்கள் பிரிவில் இப்போது கட்டாயம். இதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. சுரண்டலில் உண்ணி கிடைக்காவிட்டாலும், பருக்களின் தோற்றமும் இடமும் பொருந்தி, அரிப்பும் உடனிருப்பவரின் அரிப்பும் இருந்தால் சிகிச்சையைத் தொடங்குகிறோம். உண்ணிகள் மிகக் குறைவாக இருக்கும் நோயில் சுரண்டல் வெறுமையாக வருவது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

உணவை நிறுத்தச் சொல்லும் முன், அந்த உணவுக்கும் தோலுக்கும் நேர இடைவெளியோடு கூடிய தொடர்பு வரலாற்றில் இருக்கிறதா என்பது எழுத்தில் பதியப்பட வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறோம். கட்டுப்பாடு தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்க்கப்படும்.

உடனிருப்போர் பட்டியலைக் குடும்ப உறவுகளின் அடிப்படையில் கேட்பதை விட்டுவிட்டோம். காலை எழுந்ததிலிருந்து மறுநாள் காலை வரை குழந்தை யார் தோளில், யார் மடியில், யார் படுக்கையில் இருக்கிறது என்று நேர வரிசையில் கேட்டு எழுதுகிறோம். கடந்த ஆறு வாரங்களில் வந்து தங்கிச் சென்றவர்களும் இதில் சேர்வார்கள். பட்டியலில் உள்ள வெளியாரிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் வைக்காமல், அவர்கள் விரும்பினால் எங்கள் செவிலியரே பேசுகிறார். யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு அந்த உரையாடலில் இடம்பெறுவதில்லை. மருந்துச்சீட்டோடு தரும் தாளின் முதல் வரியில், சிகிச்சைக்குப் பின் நான்கு வாரம் வரை அரிப்பு இருக்கலாம், ஆனால் புதிய பருக்களோ கோடுகளோ தோன்றினால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறோம். பூசும் முறை அதற்குக் கீழேதான் வருகிறது.